நாடகம் வேண்டாம், காகிதத்தைக் கொடுங்கள்

அமெரிக்காவில் எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். முதல் வருடம், அடிமைக் கப்பலின் நெரிசலைக் காட்டுவதாக நினைத்து, பிள்ளைகளை மேசைகளுக்கு அடியில் நெருக்கிப் படுக்க வைத்தேன். சிரித்துக்கொண்டே படுத்தார்கள். ஒரு கறுப்பினப் பெண் மட்டும் கழிப்பறைக்கு என்று எழுந்து போனவள், மணி அடிக்கும்வரை திரும்பி வரவில்லை. நடித்துக் காட்டுவதை அன்றோடு விட்டேன்.

இப்போது ஒரு விளம்பரத்தில் தொடங்குகிறேன். 1769 செப்டம்பரில் வர்ஜீனியா கெஜட் பத்திரிகையில் வந்தது. சாண்டி என்ற அடிமை ஓடிவிட்டார், பிடித்துத் தந்தால் சன்மானம். வயது சுமார் 35, குள்ளம், சற்றுப் பருமன். ஷூ தைப்பவர், பெரும்பாலும் இடது கையால். குடிகாரர், தந்திரக்காரர். ஒரு வெள்ளைக் குதிரையோடு தொழில் கருவிகளையும் கொண்டுபோயிருக்கிறார். கீழே உள்ள, விளம்பரம் கொடுத்தவரின் பெயரை மடித்து மறைத்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

"இதில் எதை நம்பலாம்?" என்று கேட்பேன். அடையாளங்களை நம்பலாம், தப்பாக எழுதினால் ஆளைப் பிடிக்க முடியாதே என்பார்கள். சரி, 'தந்திரக்காரர்'? அது ஆளைப் பறிகொடுத்தவரின் எரிச்சல். ஒருமுறை இடது கைப் பழக்கமுள்ள ஒரு பையன், "கருவியை எடுத்துப் போனார் என்றால் போகிற இடத்தில் பிழைக்க வழி யோசித்திருக்கிறார்" என்றான். விளம்பரம் கொடுத்தவரும் அப்படித்தான் ஊகித்திருந்தார்.

அப்புறம் மடிப்பைப் பிரிப்பார்கள். தாமஸ் ஜெஃபர்சன். ஏழு வருடம் கழித்து, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் மனிதர் யாவரும் சமம் என்று எழுதியவர். சாண்டி பிடிபட்டார். 1773இல் 100 பவுண்டுக்கு விற்கப்பட்டார்.

உரிமையாளர்களின் காகிதங்களோடு நிறுத்தினால் பிள்ளைகளுக்கு உரிமையாளரின் கண்தான் மிஞ்சும். அதனால் மறுநாள், அடிமையாக இருந்த ஜோர்டன் ஆண்டர்சனின் கடிதம். (இந்த ஆவணங்களில் இழிசொற்கள் வரும். முதலில் நீங்கள் தனியாகப் படித்துவிடுங்கள், யாரையும் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள்.) விடுதலைக்குப் பின் ஒஹாயோவில் குடும்பத்தோடு இருந்த ஆண்டர்சனை, திரும்ப வேலைக்கு வரும்படி டென்னசியிலிருந்து பழைய எஜமானர் அழைத்தார். 1865இல் பதில் போனது: முதலில் பழைய கூலி பாக்கி. தனக்கு 32 வருடம், மாதம் 25 டாலர். மனைவி மாண்டிக்கு 20 வருடம், வாரம் 2 டாலர்.

கூட்டச் சொல்வேன். 11,680 டாலர் வரும். ஆண்டர்சன் அதற்கு வட்டியும் கேட்டிருக்கிறார். துணிமணிச் செலவையும், தனக்கு மூன்று முறை வைத்தியர் வந்ததையும், மாண்டிக்கு ஒரு பல் பிடுங்கியதையும் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் சிரிப்பது அந்தப் பல்லுக்குத்தான்.