சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்

சென்னை ஈசிஆர் கடற்கரைச் சாலைப் பக்கம் மணலில் ஓட்டக் கிடைக்கும் ஏடிவி எனும் நான்கு சக்கர வண்டிகளுக்கென்றே ஒரு வியாதி உண்டு. கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். பிறகு நின்றுவிடும். செல்ஃப் போட்டால் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. ஓரமாக நின்று ஓர் இளநீர் குடித்துவிட்டு வந்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். “ஹீட் ஆயிடுச்சுண்ணே, ஆறட்டும்” என்பார் கூட வரும் தம்பி. ஆறவிடலாம்தான். ஆனால் எஞ்சினோடு சேர்ந்து தடயமும் ஆறிவிடும். எனவே கோளாறைத் தேட வேண்டிய நேரம் வண்டி நின்ற அடுத்த நிமிடம்தான்.

எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச், ஓட்டுபவரின் மணிக்கட்டில் மாட்டும் பாதுகாப்புக் கயிறு, பெட்ரோல் டேப் மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள். பாதி வண்டிகள் இங்கேயே பிழைத்துக்கொள்ளும்.

மணலில் இத்தனை சூடு ஏன்? ஏடிவி டயரில் காற்று 5 பிஎஸ்ஐ அளவுக்குத்தான் இருக்கும், ஸ்கூட்டர் டயரில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு போல. டயர் அகலமாகப் படிந்து, புதையாமல் போவதற்காக அப்படி. அதை மணலில் இழுக்க எஞ்சின் முழு பலத்தையும் கொடுக்க வேண்டும். வேகமோ 15 கிலோமீட்டரைத் தாண்டாது. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு அதைச் சுற்றியுள்ள ஃபின்கள் என்ற உலோகத் தகடுகள் மீது காற்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே வேலை அதிகம், காற்று குறைவு. போதாக்குறைக்கு சென்னை மே மாத வெயில்.

எப்படி நின்றது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். திக்கித் திணறி, பிக்கப் குறைந்து நின்றதென்றால் பெட்ரோல் மேல் சந்தேகப்படலாம். சட்டென்று நின்றிருந்தால் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் ஆள் அகப்பட்டுவிட்டான். பல கார்ப்பரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் தன் எடையாலேயே கீழே இறங்குகிறது. டேங்குக்கும் கார்ப்பரேட்டருக்கும் 25 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், அது தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் 2 சதவீதம்கூட இல்லை. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்ப, மூடியிலுள்ள சின்னத் துளை வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். மணலும் தூசியும் துளையை அடைத்துவிட்டால் டேங்குக்குள் அழுத்தம் இறங்கும். அந்த 2 சதவீதம் இறங்கினாலே வரத்து நின்றுவிடும். நிறுத்தி வைத்திருக்கையில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால்தான் ‘ஆறியதும்’ ஓடுகிறது. உண்மையில் இதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

மூடியில் சத்தம் வரவில்லை, வண்டியும் கிளம்பவில்லை என்றால் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். எஞ்சின் கொதிக்கும், கையுறை அவசியம். ப்ளக்கை அதன் கேப்பில் மாட்டி, எஞ்சின் உலோகத்தில் படும்படி வைத்து செல்ஃப் போட வேண்டும். கழற்றிய துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், அதனால் அதன் அருகில் பொறி வேண்டாம். நல்ல பொறி நீலமாக, ‘டிக் டிக்’ என்று சத்தத்தோடு வரும். பொறியே இல்லையென்றால், ப்ளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் காயில் சூட்டில் கைவிட்டிருக்கலாம். காயிலுக்குள் மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருக்கும். அதில் எங்காவது மயிரிழை விரிசல் இருந்தால், சூட்டில் பாகங்கள் விரியும்போது இணைப்பு விட்டுப்போகும். குளிர்ந்ததும் மறுபடி தொட்டுக்கொள்ளும். இந்தச் சோதனையை ஆறிய பிறகு செய்தால் ‘காயில் நல்லாத்தான் இருக்கு’ என்றே தெரியும். பல காயில்கள் இப்படித்தான் தப்பிக்கின்றன.

வெளியே பொறி வந்துவிட்டாலும் முழுதாக நம்பிவிடக் கூடாது. சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கி வைத்திருக்கும். நெருங்கிய காற்றைத் தாண்ட மின்சாரத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவை. ஆகவே திறந்தவெளியில் மங்கலாகச் சிவந்து வரும் பொறி, உள்ளே போனால் வராமலே போகலாம். பரிசோதித்தவரோ “கரண்ட் வருதே” என்று கார்ப்பரேட்டரைப் பிரிக்கத் தொடங்கியிருப்பார்.

எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி நகரவில்லை, ரப்பர் கருகும் வாடை வருகிறது என்றால் அது எஞ்சின் கோளாறே இல்லை, எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் வழுக்குகிறது. ப்ளக் கரி பூசியது போல இருந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். மணல் அடைத்துக் காற்று குறைந்து, பெட்ரோல் மிஞ்சியிருக்கும். அதற்காக ஃபில்டரைக் கழற்றிவிட்டு மட்டும் ஓட்டாதீர்கள். ஒரு பிடி மணல் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும்.

காயில் மாற்ற, வண்டி உதிரி பாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோடுக்குக் கிளம்புமுன் ஒரு வேலை பாக்கி. காயிலுக்குப் போகும் வயரின் இணைப்பான கப்ளரை இழுத்துப் பாருங்கள். கடலோர உப்புக்காற்றில் செம்பு முனைகள் பச்சை பூத்துவிடும். அந்தப் பச்சையின் மின்தடையே பொறியைப் பலவீனமாக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு, வண்டி சூடாக இருக்கும்போதே ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள்.