தகைவு, திரிபு, உத்தரம்: சொல் விளக்கம்

ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் இரண்டும் 'இறுக்கிக் கட்டு' என்று பொருள்படும் 'ஸ்ட்ரிங்கெரே' என்ற ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. கலந்து புழங்கிவந்த அவற்றுக்குப் பொறியியலில் வேலி போட்டுக் கொடுத்தவர், 1850களில், ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின். தமிழில் ஸ்ட்ரெஸ் தகைவு, ஸ்ட்ரெயின் திரிபு. அந்தச் சிக்கலே கிடையாது. வேர்கள் வேறு வேறு.

தகைவு: 'தகை' என்றால் தடு, எதிர்த்து நிறுத்து. ஒரு கம்பியில் எடையைத் தொங்கவிட்டால் கம்பியின் உள்ளே பொருள் எதிர்த்து நிற்கிறது. அந்த உள் எதிர்ப்பு விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. வெளியில் தொங்கும் எடை அல்ல. இதைப் பலர் 'அழுத்தம்' என்று எழுதுகிறார்கள். மன அழுத்தத்தின் செல்வாக்காக இருக்கலாம். இழுபடும் கயிற்றில் எங்கே அழுத்தம்? அழுத்தத்துக்கும் தகைவுக்கும் அலகு ஒன்றே, பாஸ்கல். அது மட்டும் போதாது. கட்டுமானக் கம்பியில் 'எஃப்இ 500' என்று இருக்கிறதே, அந்த 500 ஒரு தகைவுதான்: சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் வரை தாங்கும், அதற்கு மேல் நிரந்தரமாக நீண்டுவிடும். 12 மி.மீ. கம்பிக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஐந்தே முக்கால் டன் வருகிறது.

திரிபு: நீளத்தில் ஏற்பட்ட மாற்றத்தை முதல் நீளத்தால் வகுத்தால் திரிபு. நீளத்தை நீளத்தால் வகுப்பதால் அலகு இல்லை. எஃகின் யங் குணகம் (தகைவைத் திரிபால் வகுத்தால் வரும் எண்) சுமார் 2,00,000 நியூட்டன்/ச.மி.மீ. ஆகவே 100 தகைவில் திரிபு 0.0005, இரண்டு மீட்டர்க் கம்பி ஒரே ஒரு மில்லிமீட்டர் நீளும். தொல்காப்பியம் புணர்ச்சியில் வரும் திரிபுகளை மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என்று மூன்றாக்குகிறது. மிகுதல் இழுபட்ட கம்பி, குன்றல் அமுங்கிய தூண், மெய்பிறிதாதல் சறுக்கி உருமாறிய கட்டை. தற்செயல்தான், ஆனாலும் சொல்லைத் தேர்ந்தவரைப் பாராட்டத் தோன்றுகிறது. இலங்கைப் பாடநூல்களில் தகைப்பு, விகாரம் என்பார்கள்.

உத்தரம்: பீம் என்பதற்கு விட்டம், உத்தரம் இரண்டும் உண்டு. (ஆங்கிலச் சொல்லுக்கே பழைய பொருள் மரம்.) வீட்டுப் பேச்சில் விட்டம் நல்ல சொல், கணக்கில் அது வட்டத்தின் விட்டத்தோடு மோதும். 'விட்டத்தில் உள்ள கம்பியின் விட்டம்' என்று எழுதிப் பாருங்கள். எனவே பாடத்துக்கு உத்தரமே என் தேர்வு.

இரு முனையிலும் தாங்கப்பட்ட உத்தரம் சுமையில் வளையும்போது மேற்புறம் அமுங்குகிறது, அடிப்புறம் இழுபடுகிறது. நடுவில் நீளாத, குறுகாத ஓர் அடுக்கு இருக்கும். அது நடுநிலை அச்சு. 1638-இல் கலிலியோ சுவரில் பதித்த உத்தரத்தை ஆராய்ந்தபோது இந்த அச்சைப் பிடிக்கவில்லை. வெட்டுமுகம் முழுவதும் சமமாக இழுபடுவதாகவும், கீழ் விளிம்பைப் பற்றித் திரும்புவதாகவும் கொண்டார். மீட்சிக் கணக்கில் (சுமையை எடுத்தால் பழைய வடிவுக்குத் திரும்பும் பொருளுக்கான கணக்கில்) வருவதைப்போல் மூன்று மடங்கு வலிமை கிடைத்தது. ஆனால் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வலிமை கூடும் என்றது சரி; பலகையைப் படுக்கவைப்பதைவிட நிமிர்த்தி வைப்பது அதனால்தான்.

கான்கிரீட்டுக்கு இழுப்பு ஆகாது. ஆகவே உத்தரத்தின் நடுப்பகுதியில் முக்கியக் கம்பிகள் அடியில் கிடக்கும். ஒரு முனை மட்டும் சுவரில் பதிந்த சன்ஷேடில் இழுபடுவது மேற்புறம். அங்கே கம்பி மேலேதான் வர வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆள் மிதித்து அது கீழே இறங்கிவிட்டால், முட்டுப் பலகையைப் பிரித்ததும் சுவரோரத்தில் விரிசல் விடும்.