அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள்

பழைய இசைத்தட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தருவது என் தொழில். சென்ற ஆண்டு என் மேசைக்கு வந்த ஒரு கியூபத் தட்டு இன்னும் மனதை உறுத்துகிறது. மரியா தெரேசா வேராவும் ரஃபேல் செக்கேய்ராவும் கிதாரோடு பாடியது. அழுக்குப் போகட்டும் என்று வைத்திருந்தவர் ஒரு பக்கத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டார். பஞ்சு பட்ட இடமெல்லாம் பளபளப்பு செத்து, ஒலி பதிந்த வரிகள் மழுங்கியிருந்தன. ஊசி அங்கே வந்தால் வெறும் இரைச்சல்.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அந்தக் காலத்து 78 தட்டு கல்தூள் கலந்த அரக்கு. அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது. மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுபவரைக் கேளுங்கள்: அரக்கைக் கரைக்க அவர் ஊற்றுவதே ஸ்பிரிட்தான். காய்ச்சி வடித்த நீரும் மென்மையான தூரிகையும் போதும்; நடுவிலுள்ள காகிதம் நனையக் கூடாது. பிற்காலத்து நீண்ட நேரத் தட்டான எல்பிக்கு உரிய ஊசியும் வேண்டாம். இந்த வரிப் பள்ளத்துக்கு அது சிறியது, அடியில் இறங்கி அழுக்கை உழும்.

1925-இல் மின்பதிவு வரும்வரை மைக் கிடையாது. பாடுபவர்கள் ஒரு கூம்புக் குழலின் வாயருகே நெருங்கி நின்று, மூன்று நிமிடத்தைச் சுற்றி ஒரு பாட்டை முடிக்க வேண்டும். கிதாரின் கீழ்த்தந்தி 82 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் குழல் வாங்காது. மிஞ்சியது மேல்தந்திகளும் விரல் மீட்டும் சின்னச் சத்தமும். மென்பொருளால் இரைச்சலை அடியோடு துடைத்தால் முதலில் போவது அந்த மீட்டல்தான். அதனால் கொஞ்சம் இரைச்சலை விட்டேதான் கொடுக்கிறேன். 1928-இல் மின்பதிவில் வந்த மத்தமோரோஸ் மூவர் என்ற கியூபப் பாடகர் குழுவின் தட்டுக்கு இவ்வளவு பாடு இல்லை.

வேகமும் ஏமாற்றும். 78 என்ற பெயரை நம்ப முடியாது. 74 சுற்றில் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறி, வேராவின் குரல் வேறொரு பெண்ணின் குரலாகிவிடும். செக்கேய்ரா 1924-இல் இறந்துவிட்டார். அவர் குரலை மறுபடி மின்பதிவில் கேட்டுச் சரிபார்க்க வழியில்லை.

உங்களிடம் இப்படி ஒன்று இருந்தால், காகிதத்துக்கும் கடைசி வரிக்கும் இடையே பொறித்த எண்ணைப் படமெடுத்து வையுங்கள். விக்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தட்டு என்றால் பல நேரம் அதைக் கொண்டே பதிந்த நாளையும் ஊரையும் இணையத்தில் இலவசமாகக் கண்டுபிடிக்கலாம்.

நல்ல வேளை, அந்தத் தட்டின் மறுபக்கத்தை அவர் துடைக்கவில்லை. தூசியோடு வந்த அதில் இரண்டு குரலும் பிரிந்து சேருவது தெளிவாகக் கேட்கிறது.