அடியில் குழிந்த ஈயக் குண்டு

1862 டிசம்பர் 13 அன்று, வர்ஜீனியாவின் ஃபிரெடெரிக்ஸ்பர்க் ஊருக்கு வெளியே இருந்த ஒரு கல் சுவரை நோக்கி வடக்குப் படையினர் அலை அலையாக நடந்தார்கள். சுவரை ஒட்டிப் பள்ளமான ஒரு சாலை. அதில் நின்றுகொண்டு தெற்குப் படையினர் சுட்டார்கள். முன்வரிசை சுட்டுக்கொண்டே இருக்க, பின்னால் நின்றவர்கள் துப்பாக்கியில் மருந்து கெட்டித்து முன்னால் நீட்டினார்கள். இருட்டும்வரை இதே கதை. ஒரு வடக்குச் சிப்பாய்கூடச் சுவரைத் தொடவில்லை.

வடக்கு மாநிலங்களுக்கும் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) முழுக்க இப்படிப்பட்ட நாட்கள் உண்டு. ஆன்டீட்டமில் ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 23,000 பேர் இறந்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். கெட்டிஸ்பர்க்கில் மூன்று நாளில் சுமார் 51,000 பேர். (போரில் இறந்த படைவீரர்களில் மூன்றில் இரண்டு பங்குபோல நோயில் போனவர்கள் என்பது தனிக்கதை.) ஏன் இவ்வளவு என்று கேட்டால் வழக்கமாக வரும் விடை இது: துப்பாக்கி புதிது, போர்முறை பழையது. தொலைவிலிருந்தே குறி தவறாமல் சுடும் ஆயுதத்துக்கு எதிரே தளபதிகள் ஆட்களை வரிசையாக நடக்கவிட்டார்கள் என்பார்கள். இதில் பாதிதான் சரி. மீதியைப் பார்க்க அந்தத் துப்பாக்கி வேலை செய்த விதம் தெரியவேண்டும்.

பழைய மஸ்கட் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். வாய் வழியாக மருந்தைக் கொட்டி, உருண்டைக் குண்டைப் போட்டு, நீண்ட இரும்புக் கம்பியால் உள்ளே தள்ளவேண்டும். குண்டு எளிதாக இறங்கவேண்டுமே, அதனால் அதைக் குழலைவிடச் சிறியதாகச் செய்வார்கள். சுடும்போது அது குழலின் பக்கங்களில் மோதி மோதி வெளியேறும். கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதைப் பொறுத்துத்தான் அது போகும் திசை. நூறு மீட்டர் தாண்டினால் குறி என்ற பேச்சே கிடையாது.

இதற்குத் தீர்வு வெகுகாலமாகவே தெரியும். குழலுக்குள் சுருள் சுருளாக வரிப்பள்ளம் வெட்டினால் குண்டு சுழன்றபடி வெளியே வரும். சுழலும் பம்பரம் சாயாததுபோல அதுவும் திசை மாறாது. ஆனால் பள்ளம் குண்டைப் பிடிக்கவேண்டுமானால் குண்டு இறுக்கமாக இருக்கவேண்டும். இறுக்கமான குண்டை வாய் வழியாக இறக்குவது பெரும்பாடு. நாலைந்து முறை சுட்டால் கருமருந்தின் கசடு வேறு பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். மஸ்கட்காரன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடும் நேரத்தில் வரிக்குழல்காரனால் ஒரு முறை சுட்டாலே பெரிது. ஆகவே வரிக்குழல் வேட்டைக்காரர்களிடமும் சில சிறப்புப் படைகளிடமும் மட்டும் தங்கிவிட்டது.

இந்த முடிச்சை 1840-களின் கடைசியில் அவிழ்த்தவர் குளோத் எத்தியென் மினியே என்ற பிரெஞ்சு அதிகாரி. அவருடைய குண்டு உருண்டை அல்ல, கூம்புத் தலை கொண்ட உருளை. அடிப்பக்கம் குழிவு, குழிவுக்குள் ஒரு சின்ன இரும்புக் கிண்ணம். உள்ளே போகும்போது குண்டு குழலைவிட முடியளவு சிறியது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். மருந்து வெடித்ததும் வாயு கிண்ணத்தை முன்னால் தள்ள, ஈயத்தின் அடிவிளிம்பு விரிந்து வரிப்பள்ளத்தைக் கவ்விக்கொள்ளும். போகும்போது தளர்ச்சி, வரும்போது இறுக்கம். அமெரிக்காவில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதசாலையின் ஜேம்ஸ் பர்ட்டன் அந்தக் கிண்ணத்தையே எடுத்துவிட்டார். குழிவு சரியான அளவில் இருந்தால் வாயு மட்டுமே விளிம்பை விரித்துவிடும் என்று கண்டார். செலவும் குறைந்தது.

வடக்கின் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியின் குழல்வாய் 14.7 மில்லிமீட்டர், குண்டு சுமார் 32 கிராம். ஆறு அடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் பள்ளம் வெட்டியிருந்ததால், நொடிக்கு 290 மீட்டர் போலப் பறக்கும் குண்டு நொடிக்கு 160 முறை சுழலும். இரு தரப்பும் இங்கிலாந்தின் என்ஃபீல்டு துப்பாக்கிகளையும் லட்சக்கணக்கில் வாங்கின. 1857-ல் நம் நாட்டுச் சிப்பாய்களிடம் தரப்பட்டதும் இதே என்ஃபீல்டுதான். தோட்டாக் காகிதத்தில் தடவிய கொழுப்பு பசுவினுடையதா பன்றியினுடையதா என்ற சந்தேகம் எழுந்தது அல்லவா, அந்தக் கொழுப்பு தேவைப்பட்டதே வரிக்குழலில் குண்டு வழுக்கி இறங்கத்தான்.

சரி, குறி கிடைத்துவிட்டது. தொலைவு? இங்கேதான் சிக்கல். நொடிக்கு 290 மீட்டர் என்பது ஒலியைவிடக் குறைந்த வேகம். 275 மீட்டர் தொலைவுக்குப் போக ஏறக்குறைய ஒரு நொடி ஆகும், அதற்குள் புவியீர்ப்பு குண்டை ஐந்து மீட்டர் கீழே இழுத்துவிடும். அதை ஈடுகட்டக் குழலைச் சற்று மேல்நோக்கிப் பிடிக்கவேண்டும். அப்படிச் சுட்டால் நடுவழியில் குண்டு தோள் உயரத்துக்கும் மேலே ஒன்றேகால் மீட்டரில், அதாவது தரையிலிருந்து இரண்டரை மீட்டருக்கு மேல் பறக்கும். தொடக்கத்தில் கொஞ்ச தூரம், முடிவில் கொஞ்ச தூரம், இவ்விரண்டில்தான் ஆள்மேல் படும். நடுவில் நிற்பவனின் தலைக்கு மேலே போய்விடும். எதிரி எத்தனை மீட்டரில் வருகிறான் என்று சரியாகக் கணிக்கத் தெரிந்தவனுக்கே இந்தத் துப்பாக்கி பயன்படும். பிரிட்டிஷ் படை ஹைத் என்ற ஊரில் அதற்கென்றே பள்ளி நடத்தியது. அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பயிற்சியே இல்லை. இதில் கருமருந்துப் புகை வேறு. முதல் சில சுற்றுகளுக்குப் பிறகு எதிரே இருப்பது மனிதனா மரமா என்று தெரியாது.

கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகளின் கணக்கே இதைச் சொல்லும். 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் சுமார் 24,000 இன்னும் சுடாமல் நிரம்பிக் கிடந்தன. அவற்றில் பாதியில் இரண்டு தோட்டா. ஒன்றில் மட்டும் 23. இரைச்சலில் தன் துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதுகூடத் தெரியாமல், கை பழகிய பழக்கத்தில் மேலும் மேலும் கெட்டித்திருக்கிறார்கள்.

ஆகவே சண்டை பெரும்பாலும் நூறு மீட்டர் அளவில்தான் நடந்தது. பழைய மஸ்கட்டின் எல்லையைத் தாண்டி அதிகம் போகவில்லை. கெட்டிஸ்பர்க்கின் மூன்றாம் நாள் சுமார் 12,500 தெற்குப் படையினர் ஒரு கிலோமீட்டருக்கு மேல் திறந்த வயலில் நடந்தபோதும் தொலைவில் அவர்களை அடித்தது பீரங்கிதான். கிட்டத்தில் வந்த பிறகே துப்பாக்கிகள் வேலையைத் தொடங்கின. பாதிப்பேருக்கு மேல் விழுந்தார்கள். என் பார்வையில், இந்தப் போர்களின் விலையைக் கூட்டியவை மூன்று: சுவரும் பள்ளமும் தந்த மறைவு, தளபதிகளின் பிடிவாதம், அப்புறம் அந்தக் குண்டு உடலுக்குள் செய்த வேலை.

மூன்றாவதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பழைய உருண்டைக் குண்டு எலும்பில் பட்டால் பல நேரம் விலகிப் போகும். மினியே குண்டு கனமானது, மெத்தென்ற ஈயம். எலும்பில் பட்டதும் தட்டையாகி, எலும்பை நீளவாக்கில் சிதறடித்து, சட்டைத் துணியையும் அழுக்கையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். சிதறிய எலும்பை அன்று ஒட்டவைக்க வழியில்லை, வெட்டத்தான் முடியும். வடக்குப் படையின் பதிவுகளில் மட்டும் ஏறக்குறைய 30,000 உறுப்பு நீக்கங்கள். நாலில் ஒருவர் பிழைக்கவில்லை. தொடையில் வெட்டினால் பாதிக்கு மேல் மரணம். குளோரோஃபார்ம் இருந்தது, ஆகவே வலி தெரியாமல் வெட்டினார்கள். ஆனால் கையையும் கத்தியையும் கிருமி நீக்கவேண்டும் என்று ஜோசஃப் லிஸ்டர் எழுதியது 1867-ல், போர் முடிந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு.

அதற்குள் மினியே குண்டுக்கே வேலை போய்விட்டிருந்தது. பின்பக்கமாக நிரப்பும் துப்பாக்கியில் குண்டை முதலிலிருந்தே குழலுக்கு இறுக்கமாகச் செய்யலாம். வாய் வழியாக இறக்கவேண்டியதில்லை, அடியில் குழிவும் வேண்டாம். 1865-லிருந்தே ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலை தன் பழைய துப்பாக்கிகளின் பின்பக்கத்தை வெட்டிக் கதவு பொருத்தி மாற்றத் தொடங்கியது.