ஹெட்போனை மாற்றுவதற்கு முன் காதைச் சோதித்துப் பாருங்கள்

மூன்றாவது ஹெட்போனும் சரியில்லை என்று புலம்பிக்கொண்டேதான் அந்த இளைஞர் என்னிடம் வந்தார். வயது 27. கீபோர்டு வாசிப்பவர், வீட்டிலேயே பாட்டு மிக்ஸ் செய்கிறவர். எந்த ஹெட்போனைப் போட்டாலும் டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டு மங்கலாகவே கேட்கிறது என்று டிரெபிளை, அதாவது உயர்ந்த ஒலிகளை, ஏற்றுவாராம். அதைக் கேட்கும் குழுவினரோ "காதைக் கிழிக்குது, குறை" என்பார்களாம். "எனக்கு மட்டும் ஏன் மேடம் அப்படிக் கேட்கலை?" என்றார்.

சோதனை அறையில் உட்காரவைத்தேன். ஒலி கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஒலி எவ்வளவு கீச்சென்று உயர்ந்தது என்பதற்கான அளவு ஹெர்ட்ஸ். 2000 ஹெர்ட்ஸ் வரை மெல்லிய ஒலிக்கெல்லாம் உடனுக்குடன் அழுத்தினார். 4000-க்குப் போனதும் விரல் அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 45 டெசிபலுக்கு வந்த பிறகுதான் அழுத்தினார். 8000-ல் மறுபடி கொஞ்சம் தேறியது. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று வரைபடத்தில் குறித்துக் காட்டினேன். இரண்டு கோடுகளும் ஒழுங்காக வந்து 4000-ல் மட்டும் பள்ளத்தில் இறங்கி ஏறியிருந்தன. செவித்திறன் பரிசோதகராக இந்தப் பள்ளத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதிக சத்தம் காதில் விட்டுச்செல்லும் தழும்பு அது.

காதுக்குள் நத்தைக்கூடு போன்ற காக்ளியாவில், ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது கிடைத்ததுதான், அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. காதுக் குழாய் தன் வடிவத்தாலேயே 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைப் பெருக்கிவிடுகிறது. அதனால் அதற்குச் சற்று மேலே, 4000-ஐ ஒட்டிய ஒலிகளை உணரும் இடம் முதலில் அடி வாங்குகிறது. சிம்பலின் மினுக்கம், வயலின் வில்லின் உரசல், பேச்சில் 'ஸ' போன்ற எழுத்துகளின் கூர்மை எல்லாம் அந்தப் பக்கம்தான். ஆரம்பத்தில் பேச்சு நன்றாகவே கேட்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கருவி மேல்தான் பழி போகும்.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பணியிடப் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் அளவு, ஒரு நாளைக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி, 94-ல் 1 மணி, 100-ல் வெறும் 15 நிமிடம். மூடிய அறையில் டிரம்ஸோடு ஒத்திகை பார்த்தால் 100 என்பது சர்வ சாதாரணம். மெல்லிசை, செவ்வியல் என்றாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் 2012-ல் நடந்த ஒத்திகையில், பித்தளைக் கருவிகளுக்கு முன்னால் உட்கார்ந்து வயோலா வாசித்த கலைஞர் ஒருவருக்குக் காது பாதிக்கப்பட்டது. 2018-ல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

சரி, எதை வாங்குவது? கடையில் எல்லோரும் கேட்பது "சவுண்ட் எவ்வளவு வரும், பேஸ் எப்படி" என்பதுதான். எவ்வளவு குறைத்து வைத்தாலும் தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள் என்பேன் நான். இயர்பட்ஸ் காதில் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டால் முதலில் கசிவது பேஸ் எனும் தாழ்ந்த ஒலிகள். பேஸ் இல்லையே என்று வால்யூமை ஏற்றுவோம். ஏறுவது எல்லா ஒலியும்தான். பெட்டியோடு வரும் ரப்பர் முனைகளில் மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள். வலது காதுக்கு ஒரு அளவு, இடதுக்கு வேறு அளவு பொருந்துவதும் உண்டு. பயணத்தில் கேட்பவர்களுக்கு, வெளிச் சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் வசதிக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. இன்ஜின் போன்ற தாழ்ந்த இரைச்சலை அது அடக்குவதால், அதோடு போட்டி போட்டு வால்யூம் ஏற்ற வேண்டியிருக்காது.

மேடையில் தங்கள் இசையைத் தாங்களே கேட்கக் காதுக்குள் மாட்டும் இன்-இயர் மானிட்டர் போடுகிறவர்கள், ரசிகர்களின் சத்தம் கேட்கவில்லை என்று ஒரு காதில் இருந்து கழற்றிவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். இரண்டு காதும் சேர்ந்து கேட்கும்போது ஒலி கூடுதலாகத் தெரியும். ஒன்றைக் கழற்றினால் மற்றதில் ஏற்றியே ஆக வேண்டும். கழற்றிய காது மேடைச் சத்தத்தை முழுசாக வாங்குகிறது, மாட்டிய காது ஏற்றிய வால்யூமை வாங்குகிறது. ரசிகர்களின் சத்தம் வேண்டுமென்றால் ஒரு மைக் வைத்து மானிட்டரிலேயே கொஞ்சம் கலந்து தரச் சொல்லுங்கள்.

கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்பைத் தரையில் வைத்துப் பக்கத்திலேயே நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் கூர்மையான ஒலி நேராகப் பாயும். பாய்வது உங்கள் முழங்காலுக்கு. காதுக்கு எட்டாததால் ஏற்றுகிறீர்கள், எதிரில் நிற்பவர் அவதிப்படுகிறார். ஆம்பை ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள், அல்லது பின்னால் சாய்த்து முகத்தைப் பார்க்க வையுங்கள். வால்யூம் தானாகக் குறையும். வயலின்காரர்களுக்குக் கருவியே இடது காதுக்கு அடியில் இருக்கிறது, அவர்களில் பலருக்கு அந்தக் காதில்தான் இழப்பு கூடுதலாக இருக்கும்.

காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன் என்பார்கள் சிலர். பஞ்சு ஏறக்குறைய எதையுமே தடுக்காது. ஸ்பாஞ்ச் இயர்பிளக் நன்றாகத் தடுக்கும், ஆனால் உயர்ந்த ஒலிகளை அதிகமாக வெட்டிவிடுவதால் இசை போர்வைக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். இசைக் கலைஞர்களுக்கென்றே செய்யும் ஃபில்டர் வைத்த இயர்பிளக், எல்லா ஒலிகளையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைக்கும். காதின் அச்செடுத்துச் செய்தால் 9, 15, 25 டெசிபல் என்று வேலைக்கேற்ற ஃபில்டர் மாற்றிக்கொள்ளலாம். பாடுகிறவர்களுக்குச் சொந்தக் குரல் மண்டைக்குள் முழங்குவது போல முதலில் எரிச்சலாக இருக்கும். அச்சைக் காதுக் குழாயில் ஆழமாக இறங்கும்படி செய்தால் அது குறையும். நேராக மேடைக்குப் போட்டுப் போகாதீர்கள், சில வாரம் ஒத்திகையில் பழகுங்கள்.

ஒத்திகை முடிந்து காது அடைத்தது போலவோ 'கீ' என்ற இரைச்சலோடோ வீடு திரும்பினால், காலையில் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அன்றைய சத்தம் அளவு தாண்டியது என்று பொருள். அப்புறம், ஒரு காது திடீரென்று மந்தமானால் அழுக்கு அடைத்திருக்கும் என்று நாட்களைக் கடத்த வேண்டாம். அன்றோ மறுநாளோ காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள், சீக்கிரம் தொடங்கும் சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம்.

அந்த இளைஞர் நான்காவது ஹெட்போன் வாங்கவில்லை. உயர்ந்த ஒலிகளைக் காதால் மட்டும் முடிவு செய்யாமல், திரையில் ஒவ்வொரு அதிர்வெண்ணின் அளவைப் பார்த்தும் நண்பரிடம் கேட்டும் மிக்ஸ் செய்கிறார். மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் நிறுத்திவிடுகிறார். ஒத்திகைக்கு 15 டெசிபல் இயர்பிளக். ஒவ்வொரு வருடமும் சோதனைக்கு வருகிறார். போன மாதம் வந்தபோதும் 4000-ல் அதே 45-ல்தான் பட்டனை அழுத்தினார். காகிதத்தைத் திருப்பிக் காட்டினேன், பழைய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் போனில் படம் பிடித்துக்கொண்டார்.