கேஸ் மாடிங்: பெட்டி வேலைப்பாடும் சுட்டுவிளக்கும்

‘கேஸ்’ என்று தமிழில் எழுதினால் மூன்று பொருள் வரும். அடுப்பில் எரிவது ஒன்று, நீதிமன்றத்தில் நடப்பது ஒன்று, கணினியின் உறுப்புகளை உள்ளே வைத்து மூடுவது இன்னொன்று. ‘கேஸ் மாடிங்’ என்றதும் ஒருவருக்குச் சிலிண்டர் நினைவுக்கு வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பேச்சில் இந்தப் பெட்டிக்கு ‘சிபியு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதுவும் பொருந்தாது, சிபியு என்பது பெட்டிக்குள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சில்லுதான்.

மேசைக் கணினியின் பெட்டியை வந்தபடியே விட்டுவிடாமல், வெட்டியும் துளைத்தும் வண்ணம் பூசியும் விளக்குகளை இடம் மாற்றியும் தன் விருப்பத்துக்கு ஆக்கிக்கொள்வதே கேஸ் மாடிங். 1990களின் பிற்பகுதியில் இது ஒரு பொழுதுபோக்காகப் பரவியது. அதுவரை பெரும்பாலான பெட்டிகள் ஒரே மங்கல் நிறத் தகரம்தான். 1998இல் ஆப்பிளின் ஐமேக், உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும் நீலப் பச்சை உடலோடு வந்தபோது, கணினிப் பெட்டி இப்படியும் இருக்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் ‘கேஸ்’. அது லத்தீனின் ‘காப்சா’விலிருந்து வந்தது. காப்சா என்றால் பெட்டி; அதன் வேர் ‘பிடித்துக்கொள்’ என்னும் வினை. வழக்கைக் குறிக்கும் கேஸ் வேறு குடும்பம். அது ‘விழு’ என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. தமிழில் வேர்ப்பொருளோடு ஒட்டி வருவது ‘கொள்கலம்’. ஆனால் கொள்கலம் என்றால் எண்ணெயும் கப்பல் சரக்கும்தான் கண்ணில் வருகின்றன. ‘பேழை’ அழகான சொல். ஆனால் உள்ளே ஏதோ புதையல் இருப்பதுபோல் இருக்கிறது. ‘கூடு’ எனக்குப் பிடித்த சொல். ஆனால் ‘கூட்டு வேலை’ என்று சேர்த்த உடனே பலர் சேர்ந்து செய்யும் வேலையாகிவிடும். ஆகவே ‘பெட்டி’ போதும்.

‘மாட்’ தான் சுவையான பகுதி. ‘மாடிஃபை’ என்பதன் சுருக்கம் அது. லத்தீனில் ‘மோதுஸ்’ என்றால் அளவு. ஆங்கிலத்தில் இந்த வினைக்குப் பழைய பொருள் அளவுக்குள் அடக்குதல், அதாவது மட்டுப்படுத்துதல். தமிழ் ‘மட்டு’வுக்கும் அளவு என்றே பொருள், ஒலியும் ஒத்துப்போகிறது. உடனே உறவு கொண்டாடிவிட வேண்டாம், இது தற்செயல். போதாததற்கு, இன்று மட்டுப்படுத்துவது என்றால் குறைப்பது. மாடிங் செய்கிறவர் எதையும் குறைப்பதாகத் தெரியவில்லை.

சரி, வேறு என்ன சொல்லலாம்? ‘மாற்றியமைத்தல்’ பொருளில் சரி, வாசத்தில் அரசாணை. ‘திருத்தம்’ என்றால் முன்னே ஏதோ பிழை இருந்திருக்க வேண்டும். ‘ஒப்பனை’ வெளிப்பூச்சோடு நின்றுவிடும். நான் எழுதுவது ‘பெட்டி வேலைப்பாடு’. வேலைப்பாடு உள்ள கதவு, வேலைப்பாடு உள்ள நகை என்கிறோமே, அதே சொல். பொருளின் பயன் மாறாமல் அதன்மேல் கை படிந்திருப்பதை அது சொல்லிவிடுகிறது. ‘மாற்றம்’ என்ற சாயல் குறைகிறது என்பார்கள், குறையட்டும்.

இந்த வேலைப்பாட்டில் சின்னதும் எளியதும் இண்டிகேட்டர் விளக்கை, அதாவது கணினி ஓடுவதைக் காட்டும் சிறு விளக்கை, இடம் மாற்றுவது. ‘விளக்கு இடமாற்றம்’ என்று எழுதினால் ஊழியருக்கு வந்த உத்தரவு போலாகிறது. ‘இடம் மாற்றி வைத்தல்’ என்றே எழுதலாம். என் பெட்டியில் நீல விளக்கு முகப்பின் நடுவில், படுத்தால் நேராகக் கண்ணில் குத்தும் உயரத்தில் இருந்தது. அதை மேல்விளிம்புக்குக் கொண்டுபோனேன். தாய்ப்பலகையின் (மதர்போர்டின்) மூலையில், இந்த விளக்குகளின் கம்பிகளைச் செருக, இரண்டு வரிசை ஊசிகள் இருக்கும், ஊசிக்கு ஊசி 2.54 மி.மீ. வழக்கமான அமைப்பில் 1, 3 ஊசிகள் வட்டு (ஹார்ட் டிஸ்க்) விளக்குக்கு. 2, 4 பவர் விளக்குக்கு. சில பெட்டிகளில் விளக்கின் செருகி மூன்று துளையோடு, நடுத்துளை காலியாக வரும். பலகையிலோ இரண்டே ஊசி. அப்போது செருகியின் சின்ன நாக்கைத் தையல் ஊசியால் நெம்பி, கம்பியை உருவி, பக்கத்துத் துளையில் செருக வேண்டும். துளை போடும் முன் தாய்ப்பலகையைக் கழற்றிவிட வேண்டும். ஓர் இரும்புத் துருவல் உள்ளே விழுந்தாலும் குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) ஆகிவிடலாம். 5 மி.மீ. விளக்குக்கு 5 மி.மீ. துளை, கம்பி எட்டவில்லை என்றால் ஒட்டுப்போட்டு, அதன்மேல் சூட்டில் சுருங்கி மூடிக்கொள்ளும் சுருங்குகுழாய். அவ்வளவுதான். முதல் தடவை எனக்கு விளக்கு எரியவில்லை. நேர்முனைக்கு உரிய நீளக் காலை எதிர்முனையில் கொடுத்திருந்தேன். திருப்பிச் செருகியதும் எரிந்தது.

அந்தத் தவற்றுக்குப் பின்னாலும் ஒரு சொல் இருக்கிறது. இந்தச் சிறு விளக்கு ஓர் எல்இடி. அதன் கடைசி எழுத்துக்கு உரிய ‘டையோடு’ 1919இல் ஆங்கிலேய இயற்பியலாளர் வில்லியம் எக்கிள்ஸ் உருவாக்கிய பெயர். கிரேக்கத்தில் ‘இரண்டு’, ‘வழி’ என்னும் இரு சொற்களின் சேர்க்கை. ஆனால் மின்னோட்டம் அதில் ஒரே வழியாகத்தான் போகும்! தமிழில் ‘இருமுனையம்’ என்று வைத்தவர் வழியை விட்டுவிட்டு முனையைப் பிடித்துக்கொண்டார். நல்ல காரியம்.

இனி ‘இண்டிகேட்டர்’. ‘இண்டெக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லின் உறவு இது. இண்டெக்ஸ் என்றால் ஆள்காட்டி விரல். அந்த விரலுக்குத் தமிழில் சுட்டுவிரல் என்றும் பெயர். இரண்டு மொழியும் ஒரே விரலை நீட்டியிருக்கின்றன. அ, இ, உ மூன்றையும் சுட்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது. கணினியின் மவுஸுக்கும் ‘சுட்டி’ என்றே பெயர் வைத்திருக்கிறோம். ஆகவே இண்டிகேட்டர் விளக்கு ‘சுட்டுவிளக்கு’. பவர் எல்இடி ‘மின்சுட்டுவிளக்கு’, ஹார்ட் டிஸ்க்குடையது ‘வட்டுச் சுட்டுவிளக்கு’.

சுட்டுவது எல்லாம் உண்மை என்று இல்லை. பழைய பெட்டிகளின் முகப்பில், கணினியின் வேகத்தை மாற்றும் டர்போ பொத்தானுக்குப் பக்கத்தில் வேகத்தை எண்ணாகக் காட்டும் சிறுதிரை இருந்தது. அது எதையும் அளக்கவில்லை. பின்புறத்தில் சின்னச் சின்னச் செருகிகளை மாற்றிவைத்து எந்த எண்ணை வேண்டுமானாலும் காட்டச் செய்யலாம். அதைச் சுட்டுவிளக்கு என்பதைவிட வேலைப்பாடு என்றே சொல்லலாம்.

எழுத்தில் ஓர் எச்சரிக்கை: ‘சுட்டு விளக்கு’ என்று பிரித்து எழுதினால் எதையோ சுட்டுவிட்டு அப்புறம் விளக்கச் சொல்வதுபோல் ஆகிவிடும். சேர்த்தே எழுதுங்கள்.