நாற்பதில்தான் வந்தேன் என்கிறீர்கள்

“நான் வேகமாவே வரலை டாக்டர், நாப்பதுலதான் வந்தேன். அவங்கதான் திடீர்னு குறுக்க வந்துட்டாங்க.”

தன் கார் மோதி அடிபட்ட ஓர் அம்மாவை அதே காரிலேயே தூக்கிவந்து சேர்த்த ஒருவர் இந்த வாரமும் இதைச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. விட்டுவிட்டு ஓடாமல் கூடவே நின்றார், கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் விபத்துப் பிரிவில் இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு மனம் வெறுத்துப்போய்விட்டது. வீடுகள் இருக்கும் தெருவில், பள்ளிக்கூட வாசலில், கடை வீதியில் நாற்பது என்பது மெதுவான வேகம் என்று இத்தனை பேர் எப்படி நம்புகிறார்கள்?

மெதுவே இல்லை. நெடுஞ்சாலையில் எண்பது, தொண்ணூறில் வந்துவிட்டு ஊருக்குள் திரும்பினால் நாற்பது ஊர்வது போலத்தான் இருக்கும். கண் அந்த வேகத்துக்குப் பழகிவிடுகிறது, அவ்வளவுதான். முள் காட்டும் எண்ணை நம்புங்கள், உணர்வை நம்பாதீர்கள்.

சரி, கணக்காகவே பார்த்துவிடுவோம். காய்ந்த ரோடு, நல்ல பிரேக், கவனமான ஓட்டுநர். ஆளைப் பார்த்ததிலிருந்து கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு நொடி ஆகும் என்று வையுங்கள். மூன்று கார்கள் முப்பது, நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. 14 மீட்டர் முன்னால், நிறுத்தி வைத்த வேனுக்குப் பின்னாலிருந்து ஒருவர் ரோட்டில் காலை வைக்கிறார். முப்பதில் வந்த கார் அந்த ஒரு நொடியில் எட்டு மீட்டருக்குச் சற்று மேல் ஓடி, பிரேக் பிடித்து இன்னும் ஐந்து மீட்டரில் நின்றுவிடுகிறது. அவருக்கும் பம்பருக்கும் நடுவே இரண்டடி மிச்சம். பயந்துபோய் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்.

நாற்பதில் வந்த கார் அதே இடத்தில் நிற்காது. பிரேக் பிடித்தும், முப்பதுக்கு மேலான வேகத்தோடு அவர் மேல் மோதும். ஐம்பதில் வந்ததற்கு அந்த 14 மீட்டரும் கால் பிரேக்குக்குப் போவதற்கே சரியாகிவிடும். அதாவது முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் மூன்றாவது கார் ஐம்பது குறையாமல் மோதுகிறது. மூன்று ஓட்டுநர்களும் ஒரே அளவு நல்லவர்கள், ஒரே அளவு கவனமானவர்கள். தயவுசெய்து இதை இன்னொரு முறை படியுங்கள். “நான் நல்லா ஓட்டுவேன்” என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது. ரோடு ஈரமாக இருந்தால், கையில் போன் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மோதலின் வலு வேகத்தின் வர்க்கத்தில், அதாவது வேகத்தை வேகத்தாலேயே பெருக்கிய அளவில், ஏறும். ஐம்பதில் வாங்கும் அடி முப்பதில் வாங்குவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. முப்பது என்றால் ஒரு மாடி உயரத்திலிருந்து விழுவது, ஐம்பது என்றால் மூன்று மாடி.

எங்கள் மேசைக்கு வரும்போது அது எப்படியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பம்பர் முழங்காலைத் தட்டும், உடம்பு பானெட்டின் மேல் சாயும், தலை கண்ணாடியிலோ அதன் ஓரச் சட்டத்திலோ இடிக்கும், அப்புறம் கீழே விழும்போது தரையில் இன்னொரு முறை. “கால்ல மட்டும்தான் அடி, எதுக்கு தலைக்கு ஸ்கேன்?” என்று சண்டை போடும் உறவினர்களுக்கு இதுதான் பதில். குழந்தை என்றால் பம்பர் தொடையில் படும், பானெட் விளிம்பு நெஞ்சிலும் வயிற்றிலும் படும். காரில் மோதித் தொடை எலும்பு முறிந்த குழந்தை வந்தால் முதலில் தலையையும் வயிற்றையும்தான் தேடுவோம். முன்பக்கம் உயரமான வண்டிகள் பெருகியபின் பெரியவர்களுக்கும் நேராக இடுப்பிலும் நெஞ்சிலும் அடி விழுகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் பேசிக்கொண்டே வருவார்கள், சில மணி நேரத்தில் நினைவு தப்பும். அப்படி அடிபட்டவரை, நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

“திடீர்னு குறுக்க வந்துட்டாங்க” என்பதற்கு வருகிறேன். மூட்டு வலியோடு நடக்கும் ஒருவர் நொடிக்கு 80 சென்டிமீட்டர் நடந்தால், 7 மீட்டர் ரோட்டைக் கடக்க ஒன்பது நொடி ஆகும். ஐம்பதில் வரும் கார் அதற்குள் 120 மீட்டருக்கு மேல் வந்துவிடும். அவர் காலை எடுத்து வைத்தபோது அந்தக் கார் தெருமுனையில்கூட இல்லை. பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். குழந்தைகளுக்கோ, வேகமாக வரும் வண்டி எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று கணிக்கும் திறனே முழுதாக வளர்ந்திருக்காது. “பார்த்துப் போ” என்று ஆயிரம் முறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் பிள்ளையை “பாத்துப் போகக்கூடாதா?” என்று திட்டாதீர்கள். மனது தாங்கவில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-லேயே பெரிய சாலைகளைத் தவிர மற்ற தெருக்களுக்கெல்லாம் முப்பது என்று வைத்துவிட்டது. 2020-இல் ஸ்டாக்ஹோமில் சாலைப் பாதுகாப்புக்காகக் கூடிய உலக அமைச்சர்கள் மாநாடும், நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் அதிகபட்சம் முப்பது என்றுதான் சொன்னது. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் நார்வேயின் ஆஸ்லோவிலும் 2019-ஆம் ஆண்டு முழுவதும் நடந்துபோன ஒருவர்கூட வண்டி மோதிச் சாகவில்லை. இரண்டு தலைநகரங்கள், ஒரு முழு ஆண்டு.

பலகை நட்டுவிட்டால் இது நடந்துவிடாது. அகலமாக, நேராக ஒரு ரோட்டைப் போட்டுவிட்டு முப்பதில் போ என்றால் யாரும் போகமாட்டார்கள். ரோட்டைக் குறுக்கி நடைபாதையை அகலமாக்க வேண்டும். திருப்பங்களின் வளைவை இறுக்கினால் வண்டி தானாகவே வேகம் குறையும். ஜீப்ரா கிராசிங்கையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கலாம், நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு வைக்கலாம்.

வேகத்தடைக்கும் ஓர் அளவு உண்டு. 1970-களில் இங்கிலாந்தில் சோதித்து வகுத்த வில் போல வளைந்த தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம். மெதுவாகப் போனால் தெரியாது, வேகமாகப் போனால் குலுக்கும். ஆனால் ஒரு சாவு விழுந்த மறுநாள் தெருக்காரர்களே சிமென்ட்டைக் கொட்டிக் கரை கட்டுகிறார்களே, வெள்ளைக் கோடும் இல்லாமல், விளக்கும் இல்லாமல், அதை என்னவென்று சொல்வது? இரவில் பைக்கில் வந்து விழுந்தவர்களையும், பஸ்ஸின் கடைசி சீட்டில் தூக்கிப்போட்டு முதுகெலும்பு நசுங்கிய பாட்டிகளையும் அப்புறம் நாங்கள்தான் பார்க்கிறோம். வேதனை புரிகிறது. ஆனாலும் அதைச் செய்யாதீர்கள். ஆம்புலன்ஸுக்குத் தடையாகும் என்பவர்களுக்கு: அகலமான வண்டியின் சக்கரங்கள் இருபுறமும் விலகிப் போகும்படி நடுவில் திண்டு போல வைக்கும் தடைகளும் இருக்கின்றன.

ஓட்டுகிறவர்களே, முப்பதில் போனால் ஒரு கிலோமீட்டருக்கு உங்களுக்கு நஷ்டம் 48 நொடி. அதுவும் ஐம்பதிலேயே தடையில்லாமல் போக முடிந்தால்தான். நின்றிருக்கும் பஸ்ஸைத் தாண்டும்போது யாரோ வருவார் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஜீப்ரா கிராசிங்கில் ஒரு வண்டி நின்றால் ஏதோ காரணம் இருக்கும். அதை முந்தாதீர்கள்.

தெருவில் குடியிருப்பவர்கள் ஒரு வேலை செய்யலாம். ரோட்டோரம் 25 மீட்டர் அளந்து, இரு முனையிலும் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். ஓரமாக நின்று, ஒவ்வொரு வண்டியும் அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று போனில் பாருங்கள். மூன்று நொடி என்றால் முப்பது, இரண்டு நொடி என்றால் நாற்பத்தைந்து. பள்ளி விடும் நேரத்தில் ஒரு மணி நேரம் எழுதினாலே போதும். “வண்டிகள் வேகமாகப் போகின்றன” என்று மனு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நேரம், தேதி, எத்தனை வண்டி, எத்தனை நொடி என்று பட்டியல் போட்டு, ரோட்டின் அகலத்தையும் குழந்தைகள் எந்த இடத்தில் கடக்கிறார்கள் என்பதையும் சேர்த்து, உள்ளாட்சி அலுவலகத்துக்கும் போக்குவரத்துக் காவல் பிரிவுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள்.